ஒற்றைக் கிளாரினெட்டுக்கு ஏழு நிமிடம்

பொன்னுரங்கம் திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் பிட்டர். முகூர்த்த நாட்களில் ஊர்வலப் பேண்டில் கிளாரினெட். மேல்நாட்டு இசைக்குறிப்பைப் பழைய புத்தகங்கள் பார்த்துத் தானே எழுதப் பழகியவர். இருபது வருடம் பேண்டுக்கே இசையமைத்தவர், 2004இல் முதன்முறையாக ஒரே ஒரு கிளாரினெட்டுக்கு எழுதினார். ராயபுரத்தில் ஒரு சங்கம் ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரியில் அதற்கு இடம் கொடுத்திருந்தது. நடந்துகொண்டே அல்ல, உட்கார்ந்து கேட்கிறவர்கள் முன்னால் தன் இசை ஒருமுறை ஒலிக்க வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வாசிக்கச் சம்மதித்தவள் ரமாபாய். வியாசர்பாடிக்காரி, தபால் ஆபீசில் வேலை, அப்பாவின் பேண்டில் வாசித்து வளர்ந்தவள். வெள்ளிக்கிழமை ஒத்திகையில் முதல் பக்கத்தின் பாதியிலேயே முகம் சிவந்து நிறுத்திவிட்டாள்.

"அண்ணே, இதுல நான் எங்க மூச்சு வுடறது?"

"எங்க வேணா வுடு. பக்கத்துல கீறவன் புடிச்சுக்குவான்."

"எந்தப் பக்கத்துல? ஒத்த ஆளுக்குன்னு நீதானே எழுதிக்கீற?"

பொன்னுரங்கம் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். ஊர்வலத்தில் இரண்டு மூன்று கிளாரினெட் இருக்கும். ஒருவன் மூச்சு வாங்கும்போது மற்றவன் விடாமல் ஊதுவான். மெட்டு அறுந்தது தெருவுக்குத் தெரியக்கூடாது. அந்தப் பழக்கத்திலேயே ஏழு நிமிடத்துக்கும் எழுதியிருந்தார்.

"நான் மூச்சடைச்சு வுழுந்தா சாவுக்கு உன் ஆளுங்களே வாசிச்சுடுவாங்க. நல்ல ஏற்பாடுதான்," என்றாள் ரமாபாய்.

வசதிப்பட்ட இடத்தில் நிறுத்திக்கொள் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு மனசு வரவில்லை. சனிக்கிழமை லீவு போட்டு, தானே வாசித்துப் பார்த்தார். மூச்சு முட்டிய இடத்தில் எல்லாம் பென்சிலால் கோடு. பதினேழு கோடுகள். பிறகு ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் இருந்ததைத் திருத்தினார், மெட்டே அங்கே நிற்க விரும்புவதுபோல. மூச்சுக்கும் தாளத்தில் ஒரு எண்ணிக்கை வைத்தார். சத்தமாகவே இழுக்கலாம் என்று குறித்தார்.

மனைவி குப்பம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாய்யா, இஸ்துகினு கீற? இளைப்பா?"

"இதான் பாட்டு."

ஞாயிறு காலை ரமாபாய் இரண்டு முறை வாசித்துப் பழகினாள். மாலையில் நாற்பது பேர் இருந்தார்கள். அவள் முதல் மூச்சை இழுத்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. யாரோ சிரித்தார்கள். நான்காவது மூச்சுக்கு முன்வரிசையும் அவளோடு சேர்ந்து மூச்சு வாங்கியது. கடைசிப் பக்கத்தில், கோடு இல்லாத இடத்தில், அவள் ஒருமுறை நிறுத்தி இழுத்தாள். பொன்னுரங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முடிந்ததும் கைதட்டலுக்கு நடுவே மேடைக்குப் போனார்.

"தாங்கல அண்ணே, அங்க வுட்டுட்டேன்."

"அது அங்கதான் வரணும்," என்று சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்துப் பதினெட்டாவது கோட்டைப் போட்டார்.