எண்ணூரில் ஒரு பசுமை வீடும், மூட முடியாத ஜன்னலும்

பசுமைக் கட்டிடம் ஒன்றை நேரில் பார்க்க வேண்டும், ஒரே நாளில் போய்த் திரும்புகிற மாதிரி சென்னையில் எது இருக்கிறது என்று இந்த வலைப்பூவில் கட்டிடக்கலை மாணவர்கள் அடிக்கடி கேட்பதுண்டு. தை மாதக் கடைசிச் சனிக்கிழமை நானே ஒன்றைப் பார்க்கக் கிளம்பினேன். மாணவர்களுக்காகப் போனேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். எண்ணூரில் புதிதாகக் கட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு, குடிவருபவர்கள் படிக்க வேண்டிய பதினெட்டுப் பக்கக் கையேட்டைத் தமிழாக்கிக் கொடுத்தவள் நான். வேளச்சேரியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து 'குறுக்குக் காற்றோட்டம்', 'உட்பொதிந்த ஆற்றல்', 'வெப்பத் தீவு' என்றெல்லாம் சொல் தேடித் தேடி எழுதியிருந்தேன். என் சொற்கள் குடியிருக்கும் வீட்டைப் பார்க்கும் ஆசை. பெருமைதான், வேறென்ன?

முதல் நாளே ராயபுரம் கல்மண்டபத்தில் தோழி வீட்டில் தங்கிவிட்டேன். காலை 5.50க்கு ஆட்டோ. ஓட்டுநர் பெயர் அந்தோணி, அதே தெருக்காரர். எண்ணூருக்கு நானூறு ரூபாய் பேசினோம், தூரம் பதினைந்து கிலோமீட்டர்.

"எண்ணூர்ல இன்னா மேடம் கீது பாக்கறதுக்கு?" என்றார்.

பசுமைக் கட்டிடம் பார்க்கப் போகிறேன் என்றேன்.

"பச்சை பெயிண்ட் அட்ச்சிக்கீறாங்களா?"

இல்லை, மின்சாரமும் தண்ணீரும் கம்மியாகச் செலவாகிற மாதிரி, வெயிலையும் காற்றையும் பார்த்துக் கட்டுகிற வீடு என்று விளக்கினேன். கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்துக்கொண்டார். "காத்த பாத்து கட்ட சொன்னா எண்ணூர்லயே கட்ட மாட்டானே மேடம்" என்றார். நான் சிரித்தேன். அப்போது அது எனக்கு ஜோக்காகத்தான் பட்டது.

காசிமேடு தாண்டி கடலோரச் சாலையில் ஏறியதுமே கண்டெய்னர் லாரிகள். ஒன்றன்பின் ஒன்றாக, இஞ்சினை அணைக்காமல், துறைமுகத்துக்குள் போக வரிசை கட்டி நிற்கின்றன. வலது கையில் கடல், இடது கையில் தகரக் கூரைகள், நடுவில் புகை. மரமில்லாமல் தாரும் கான்கிரீட்டும் மட்டும் இருக்கிற இடம் சுற்றுவட்டாரத்தைவிட அதிகமாகச் சூடாகும், அதற்குப் பெயர் வெப்பத் தீவு. கையேட்டில் இதற்கு மருந்தாக "வளாகத்தில் மரக்கன்றுகள் நடுக" என்று ஒரு வரி உண்டு. இந்தச் சாலைக்கு எந்தக் கன்றை நடுவது, எங்கே நடுவது?

திருவொற்றியூரில் இறங்கி டீ குடித்தோம். இரண்டு டீயும் இரண்டு பொறை ரொட்டியும் முப்பத்தாறு ரூபாய், இருபது நிமிடம். கையோடு முகக்கவசம் இரண்டு வாங்கச் சொன்னார் அந்தோணி. வாங்கினேன், இருபது ரூபாய். இந்தப் பயணத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான செலவு அதுதான்.

6.55க்குக் குடியிருப்பின் வாசலில் இருந்தோம். நான்கு கட்டிடங்கள், ஒவ்வொன்றும் ஐந்து மாடி. வாசலில் இலை போட்ட பெரிய பலகை, அதில் 'பசுமைச் சான்று பெற்றது' என்ற எழுத்து. ஆட்டோவை ஓரம்கட்டிவிட்டு அந்தோணியும் கூடவே வந்தார். இரண்டாவது கட்டிடத்தில் அவருக்குத் தெரிந்த குடும்பம் இருக்கிறது, அவர்களோடு பேசலாம் என்றார்.

படிக்கட்டில் ஏறும்போதே எனக்குக் கொஞ்சம் குஷி. சுவரெல்லாம் சாம்பல் கல். அனல் மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்தபின் மிஞ்சுகிற சாம்பலைச் சேர்த்து அழுத்திய செங்கல் அது. சூளை வேண்டாம், மண் தோண்ட வேண்டாம். ஒரு பொருளைச் செய்து, தூக்கி வந்து, சுவரில் வைக்கும் வரை செலவான மொத்த ஆற்றலைத்தான் உட்பொதிந்த ஆற்றல் என்கிறோம். பக்கத்திலேயே கிடைக்கிற கழிவில் செய்த கல் என்பதால் அது இதில் கம்மி. சான்றிதழில் இதற்குத் தனி மதிப்பெண் உண்டு. நல்ல காரியம், மறுக்கவில்லை. மொட்டைமாடியில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை ஓடு, சூரியத் தகடு, மழைநீர்த் தொட்டி. எல்லாம் கையேட்டில் உள்ளபடியே இருக்கின்றன. ஆனால் வெள்ளை ஓடு வெள்ளையாக இல்லை. விரலால் ஒரு கோடு போட்டேன், கோடு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. சூரியத் தகட்டின் மேலும் அதே பூச்சு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழுவுகிறார்களாம்.

மூன்றாவது மாடியில் ரெஜினாவின் வீடு. காசிமேட்டில் மீன் விற்கிறவர். கடற்கரையில் இருந்த குடிசையை எடுத்துவிட்டு இங்கே அனுப்பி ஒன்றரை வருடமாகிறது. கணவர் போட்டில் போனால் திரும்பப் பத்து நாளாகும். மகள் ஜெனிபருக்கு எட்டு வயது. நாங்கள் போனபோது அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கையும் வாயையும் மூடிய கவசத்தின் வழியே இளைப்புக்கான மருந்துப் புகையை இழுத்துக்கொண்டிருந்தாள். பழக்கப்பட்ட கை. யாரும் பிடித்துவிட வேண்டியிருக்கவில்லை.

"ரெஜினா, இவங்க இந்த வூட்டப் பத்தி எழுதறவங்க" என்றார் அந்தோணி.

"எழுதட்டும். மொதல்ல தோ அத பாக்க சொல்லு" என்று மேற்குச் சுவரைக் காட்டினார் ரெஜினா.

மேற்குச் சுவரில் இரண்டடி உயரத்துக்குச் சிமெண்ட் ஜாலி. ஓட்டை ஓட்டையாக, கதவில்லாமல், கண்ணாடியில்லாமல், மூடவே முடியாதபடி கட்டியது. எதிரே கிழக்குச் சுவரில் ஜன்னல். ஒரு பக்கம் நுழைந்த காற்று மறுபக்கம் வெளியேறி வீட்டைக் குளிர்விக்கும், அதுதான் குறுக்குக் காற்றோட்டம். அந்த ஜாலியை ரெஜினா ஒரு காதுகுத்து பேனரால் மூடி, நாலு பக்கமும் மரச்சட்டம் வைத்து ஆணி அடித்திருந்தார். கூலிங்கிளாசும் கிரீடமும் போட்ட யாரோ ஒரு குழந்தை வீட்டுக்குள்ளே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

பேனரின் ஒரு மூலையை லேசாக விலக்கினார். ஐந்து நிமிடம் கூட இருக்காது. மேசைமேல் இருந்த எவர்சில்வர் தட்டு மங்கிவிட்டது. எனக்குத் தொண்டை கரகரத்தது. ஜெனிபர் நாற்காலியை மறு ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"காலைல கரைக்காத்துக்கா. மேக்கால கீற சாம்பல் குட்டைய அப்டியே வாரிக்கினு வரும். எட்டு, எட்டர வரிக்கும் வரும். அப்பால மத்தியானம் கடக்காத்து தூக்கிச்சின்னா ஒரு பேஜாரும் இல்ல. கடலுக்குப் போற எவனாண்ட கேட்டாலும் சொல்லுவான். எங்களாண்ட ஒருத்தங்கூட கேக்கல."

சாம்பல் குட்டை என்பது மின் நிலையத்துச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்து கொட்டுகிற இடம். காய்ந்தால் பறக்கும். அதன் காற்றுத்திசைக்கு நேர் எதிரே, மூட முடியாத ஓட்டையை வைத்துக் கட்டி, அதற்குப் பசுமை என்று சான்றும் வாங்கியிருக்கிறார்கள்! ஆங்கில மூலத்தில் படித்தது எனக்கு ஞாபகம் வந்தது. 'இப்பகுதியின் சராசரிக் காற்று தென்கிழக்கிலிருந்து.' ஒரு வருடக் காற்றை மொத்தமாகக் கூட்டி வகுத்து எடுத்த கணக்கு. அதன்படி மேற்கு ஜாலி காற்று வெளியேறும் வழி, நுழையும் வழி அல்ல. அதை ரெஜினாவிடம் சொன்னேன்.

"சராசரியா? சராசரி காத்துல எவன்க்கா மூச்சு வுடறான்? அன்னன்னிக்கு வர்ற காத்துலதான வுடறோம்."

விலகியிருந்த பேனர் மூலையை நானே இழுத்து மூடினேன்.

சுவருக்குள் சாம்பலைப் புதைத்ததற்கு மதிப்பெண் கொடுத்தவர்கள், ஜன்னல் வழியே வருகிற சாம்பலுக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று கேட்க ஆசை. ஒன்றும் கழிக்கவில்லை. சான்றுக்கு மதிப்பெண் போடும் படிவத்தில் கட்டிடம் இருக்கிறது, வளாகச் சுவருக்கு வெளியே இருக்கிற ஊர் இல்லை. வீட்டுக்குள் பெயிண்ட் வாடை வரக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். ஊரே புகையும்போது பெயிண்ட் வாடைக்கு மூக்கைப் பிடித்துக்கொள்கிற இந்த நாசூக்கை என்னவென்று சொல்வது?

கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. திங்கள்கிழமை மதியம் மூன்று மணிக்குச் சான்று புதுப்பிக்கும் குழு வருகிறது, அதற்குள் காற்றோட்ட வழிகளில் உள்ள தடைகளை அகற்ற வேண்டும், அகற்றாவிட்டால் ஆட்கள் வந்து அகற்றுவார்கள். அதனால்தான் அன்றைக்கு ரெஜினா வியாபாரத்துக்குப் போகாமல் வீட்டைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மூன்று மணி. கடற்காற்று நன்றாக வீசுகிற நேரம். குழு வேண்டுமென்றே குறித்ததா, தற்செயலா, எனக்குத் தெரியாது. ரெஜினாவுக்கும் தெரியாது, ஆனால் அவர் சிரித்த சிரிப்பில் வேண்டுமென்றேதான் என்ற முடிவு இருந்தது.

எட்டு மணிக்குப் பராமரிப்பு மேற்பார்வையாளர் மாடி மாடியாக வந்தார். முப்பது வயது இருக்கும், கையில் பட்டியல். கெட்ட மனிதர் இல்லை, உள்ளே நுழைந்ததும் அவரும்தான் இருமினார்.

"ரெஜினாம்மா, திங்கக்கெழம காலைல ஆளு வருவாங்க. நீங்களே எடுத்துட்டா நல்லது."

"கொழந்தயால மூச்சு வுட முடில, கண்ணு தெரிலயா உனுக்கு?"

"எனக்கு மேல இருந்து சொல்றாங்கம்மா. புக்லயே போட்டிருக்கே, பாருங்க" என்று பையிலிருந்து கையேட்டை எடுத்து, ஏழாம் பக்கத்தை விரித்துச் சத்தமாகப் படித்தார். "காலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை வீட்டின் இருபுறமும் காற்று தடையின்றி வரட்டும். அதிகாலைக் காற்று உங்கள் இல்லத்தின் இலவச மருத்துவர்."

அந்த இலவச மருத்துவர் மூலத்தில்கூட இல்லை. ஆங்கிலத்தில் வெறுமனே 'நல்லது' என்றுதான் இருந்தது. தமிழில் படிக்க அழகாக இருக்கட்டும் என்று நானே போட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தம் இல்லை.

"அத எழுதுனது நான்தாங்க" என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தோணிதான் முதலில் வாயைத் திறந்தார். "இன்னா மேடம் நீ, இப்டி பண்ணிக்கீறியே."

ரெஜினா திட்டவில்லை. மகளின் பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என்முன் வைத்தார். "அப்ப நீயே தப்புன்னு எழுதிக் குடு. பேரு போட்டு, கையெழுத்து போட்டுக் குடு."

எழுதினேன். ஏழாம் பக்கத்து வரி இந்த இடத்துக்குப் பொருந்தாது, காலை ஒன்பது மணி வரை மேற்குப் பக்கம் மூடியே இருக்க வேண்டும், ஜாலிக்குத் திறந்து மூடும் கதவு வைத்துத் தர வேண்டும். மேற்பார்வையாளர் வாங்கிப் படித்து, மடித்துப் பையில் வைத்தார். "குடுத்துடறேன் மேடம். ஆனா நீங்க வெறும் தமிழாக்கம் பண்ணவங்கதான, உங்க பேச்ச எடுத்துப்பாங்களா?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமான சந்தேகம்.

ஆட்டோவை அனுப்பிவிட்டு அன்று மாலை வரை அங்கேயே இருந்தேன். ரெஜினா கவளை மீன் குழம்பும் சோறும் போட்டார். ஒன்றரை மணி வாக்கில் கடற்காற்று ஏறியது. பேனரை ரெஜினாவே கழற்றிவிட்டார். நிஜமாகவே அருமையான வீடு! மின்விசிறி தேவைப்படவில்லை, விளக்குப் போடாமலே ஜெனிபர் வீட்டுப்பாடம் எழுதினாள். வரைந்தவருக்கு வேலை தெரியும் என்பது அப்போது புரிந்தது. அதனாலேயே கோபம் இன்னும் அதிகமானது. வேலை தெரிந்தவர் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு வந்து நின்றிருந்தால் போதுமே.

எண்ணூர் நிலையத்திலிருந்து 4.40க்குப் புறநகர் ரயில் பிடித்தேன், சென்ட்ரலுக்கு ஐந்து ரூபாய். போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலை ஏழு மணிக்கு முன்னால் அங்கே இருங்கள், மதியம் மூன்று மணிக்கும் இருங்கள். ஒரு வேளை மட்டும் பார்த்துவிட்டு வந்து எழுதாதீர்கள். முகக்கவசம், தண்ணீர், சாம்பல் படிவதைப் பார்க்க ஒரு வெள்ளைக் கைக்குட்டை அவசியம். வெளியே சாப்பிடப் பெரிதாக ஒன்றுமில்லை, திருவொற்றியூரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். நோயாளிக் குழந்தைகளைப் படம் எடுக்காதீர்கள். வரைபடத்தைத் திறப்பதற்கு முன் மீன்காரர்களிடம் காற்றைப் பற்றிக் கேளுங்கள். காலையில் எங்கிருந்து, மதியம் எங்கிருந்து, அது எதைத் தாண்டி வருகிறது என்று மூன்று கேள்வி. இதைக் கேட்காத எந்தக் கட்டிடத்தையும் பசுமை என்று சொல்ல எனக்கு இனி வாய் வராது.

திங்கள் காலை ஆட்கள் வந்து பேனரைப் பிடுங்கிவிட்டார்கள், அந்தோணி போனில் சொன்னார். என் கடிதம் என்ன ஆனது என்று யாரும் சொல்லவில்லை. ரெஜினா அன்றைக்கே வீட்டைப் பூட்டி, மகளைக் கூட்டிக்கொண்டு காசிமேட்டில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். பத்துக்குப் பத்து அறையில் இப்போது ஏழு பேர்.

மூன்று வாரம் கழித்துக் குழுவின் அறிக்கை தமிழாக்கத்துக்காக என்னிடமே வந்தது. சான்று புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. குடியிருப்போர் மனநிறைவு என்ற பத்தியில் ரெஜினாவின் வீட்டு எண்ணுக்கு நேரே 'புகார் ஏதுமில்லை' என்று இருந்தது. நான் அதைத் தமிழில் இப்படி எழுதி அனுப்பினேன்: 'வீடு பூட்டியிருந்தது. இங்கே மூச்சு விட முடியாததால் எட்டு வயதுக் குழந்தையைத் தாய் வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்.'

மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூலத்தில் இல்லாததை நான் சேர்த்திருக்கிறேனாம்.