விழுந்தவனுக்கு ஒரு ஹாரன்

ஓசூர் கம்பெனிகளில் வேலைபார்த்த நாங்கள் சேர்ந்து ஆரம்பித்த ரக்பி லீக் கிளப் ஒரே ஒரு சீசன்தான் உயிரோடு இருந்தது. பெங்களூரு அணிகளிடம் எல்லா ஆட்டத்திலும் தோற்றோம்.

ஞாயிறுதோறும் எங்களை ஏற்றிப்போன வேன் டிரைவர் மத்திகிரிக்காரர். வெயிலிலும் தலையில் மஃப்ளர் சுற்றியிருப்பார். மைதானத்தைப் பார்த்தபடி வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங் முன்னாலேயே உட்கார்ந்திருப்பார். எதிரணி மடக்கி வீழ்த்திய எங்கள் ஆள் எழுந்து, ஆட்ட விதிப்படி பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளும்போதெல்லாம் ஹாரன் அடிப்பார்.

“பாயிண்ட் எடுத்தாத்தாண்ணா ஹாரன் அடிக்கணும்,” என்றேன்.

“அதுக்குக் காத்திருந்தா நான் எப்ப அடிக்கறது? எவனாச்சும் எந்திரிக்கலன்னா வண்டிய ஆஸ்பத்திரிக்கு உடணும். எந்திரிச்சா எனக்கு நிம்மதி தம்பி. அடிச்சிடறேன்.”

கடைசி ஆட்டத்தில் மூன்று பேர் என்மேல் விழுந்தார்கள். மூச்சு திரும்பிய பிறகும் மண்ணிலேயே கிடந்தேன். எப்படியும் தோல்விதானே. வேன் பக்கம் சத்தமே இல்லை. அவர் கதவைத் திறந்து இறங்குவது தெரிந்ததும் எழுந்து நின்றேன். பாதி இறங்கியபடியே கையை உள்ளே நீட்டி ஹாரனை அழுத்தினார். நடுவர் திரும்பி முறைக்கும்வரை விடவில்லை.

கிளப் கலைந்த பிறகு அவரைப் பார்க்கவில்லை. பெயர்கூடத் தெரியாது. இன்றும் பாகலூர் ரோட்டில் பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தால், ஒதுங்குவதற்கு முன்பே என் முதுகு நிமிர்ந்துவிடுகிறது.