மூலிகைத் தைலம் என்று நான் சொன்னது

தொண்ணூறுகளின் கடைசியில் அலுவலகம் என்னை முதன்முறை அமெரிக்காவுக்கு அனுப்பியபோது, விமானத்தின் வறட்டுக் காற்றில் என் தோல் படாதபாடு பட்டது. உதடும் கன்னமும் வெடித்தன. விரல் முட்டிகளில் ரத்தம் கசிந்தது. கடையில் வாங்கிய க்ரீம் அரை மணியில் காய்ந்து, முன்னைவிட அதிகமாக எரிந்தது. போய் இறங்கிய இடத்தில் யாருக்கும் கை கொடுக்கவே கூச்சமாக இருந்தது.

இரண்டாவது பயணத்துக்கு முன்னால், பக்கத்து மேஜைத் தோழி ஒரு சின்ன டப்பா கொண்டுவந்தாள். அவள் பெங்களூரில் ஜீவனஹள்ளியிலிருந்து வருகிற கத்தோலிக்கப் பெண். எங்கள் வீடு அதே ஊரில் மல்லேஸ்வரத்தில். அப்பா மாநில அரசு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். முட்டைகூட வாசல் தாண்டாத வீடு. அது தெரிந்ததால் மூடியைத் திறக்கும் முன்பே சொல்லிவிட்டாள்.

“இது மாட்டுக் கொழுப்புப்பா. எங்கம்மா உருக்கினது. உனக்கு ஒத்துக்காதுன்னா இப்பவே சொல்லிடு, நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்.”

அவள் அம்மா தெரிந்த கசாப்புக் கடையில் கொழுப்பு வாங்கி, சின்னத் தீயில் உருக்கி, துணியில் வடிகட்டி, உப்புத் தண்ணீர் விட்டு மறுபடி உருக்குவாராம். வாடை போனபின் இரண்டு சொட்டு நீலகிரித் தைலம். வெண்ணெய் மாதிரி வெள்ளையாக இருந்தது. கொள்கையா கன்னமா என்று வந்தபோது, கன்னம்தான் ஜெயித்தது. விமானம் ஏறுமுன் முகம் கழுவி, ஈரம் காய்வதற்குள் மெல்லிசாகத் தடவினேன். கைக்கு மட்டும் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு தடவை. இறங்கும்போது தோல், புறப்படும்போது இருந்த மாதிரியே இருந்தது.

இதோடு நின்றிருந்தால் என் பாவம் என்னோடு போயிருக்கும். அந்த டிசம்பர் குளிரில் அம்மாவின் கைகள் பாளம் பாளமாக வெடித்திருந்தன. பூஜைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்க்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள். என் பெட்டியில் டப்பாவைப் பார்த்து என்னவென்று கேட்டாள். தோழியின் அம்மா செய்த மூலிகைத் தைலம் என்றேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. ஆனால் அவள் விரலால் எடுத்துத் தடவிக்கொண்டதை யோசித்துக்கொண்டேதான் பார்த்தேன்.

பத்தே நாளில் வெடிப்பு ஆறியது. அந்தக் கையால் விளக்கேற்றினாள், சாமிக்குப் பூத் தொடுத்தாள். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நான் தள்ளிப்போட்டேன். எனக்குத்தான் என்று சொல்லித் தோழியிடம் இன்னும் இரண்டு டப்பா வாங்கினேன். அவள் அம்மாவுக்கு ஒரே சந்தோஷமாம்.

அந்தப் பெண்ணை வீட்டுக்குக் கூட்டி வா என்று அம்மா விடாமல் சொன்னாள். சாக்குகள் தீர்ந்துபோய், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டி வந்தேன். எங்களுக்கெல்லாம் எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. தோழிக்கு மட்டும், வெளியாட்களுக்கென்று மேல்தட்டில் தனியாக வைத்திருந்த கண்ணாடி டம்ளர். சின்ன வயதிலிருந்து பார்க்கும் வழக்கம்தான். அன்றைக்குத்தான் அது என் கண்ணைக் குத்தியது. டம்ளரை நீட்டிய அம்மாவின் கைகள் அந்தக் கொழுப்பின் தயவில் பளபளவென்று இருந்தன.

“இதுல என்னென்ன மூலிகைம்மா போடறாங்க உங்கம்மா?” என்று அம்மா ஆசையாகக் கேட்டாள்.

தோழி என்னைப் பார்த்தாள். ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பதிலை என்னிடம் விட்டுவிட்டுக் காத்திருந்தாள். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். தரையைப் பார்த்தேன்.

“தேங்கா எண்ணெய், தேன்மெழுகு, கொஞ்சம் துளசி. அவ்ளோதான் ஆன்ட்டி” என்றாள் அவள்.

உங்கம்மா கை ராசியான கை என்று அம்மா மனம் நிறைந்து சொன்னாள். பிறகு கண்ணாடி டம்ளரைத் தானே எடுத்துப்போய் கொல்லைப்புறக் குழாயில் தனியாகக் கழுவினாள். தண்ணீர்ச் சத்தம் கூடத்துக்குக் கேட்டது.

பஸ் நிறுத்தம் வரை அவளோடு நடந்தேன். பஸ் கண்ணில் பட்டதும் சொன்னாள்: “டம்ளர் பரவால்லப்பா, அது எனக்குப் பழக்கம்தான். ஆனா எங்கம்மா எதுல செய்றாங்கன்னு சொல்ல நான் எப்பவும் வெக்கப்பட்டதில்ல. இன்னிக்கு வெக்கப்பட வெச்சிட்ட.”

மன்னிப்புக் கேட்டேன். சரி என்றாள். கேட்க வேண்டிய இடம் எங்கள் வீட்டுக் கூடம் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். திரும்பி வீட்டுக்குப் போய் அப்போதாவது அம்மாவிடம் சொன்னேனா என்றால், இல்லை.

அடுத்த டிசம்பரில் அம்மா மறுபடி தைலம் கேட்டாள். அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டாள் என்றேன். அதற்குப் பிறகும் நான்கு வருஷம் அவள் என் பக்கத்து மேஜையில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் ஒவ்வொரு முறை விமானம் ஏறும்போதும் பத்திரமாகப் போய் வா என்பாள். வெடித்த கையோடு திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்காருவேன். அவள் கையைப் பார்ப்பாள். டப்பாவை நானும் கேட்டதில்லை, அவளும் கொண்டுவந்ததில்லை.