தங்கப் பல்லில் சந்தனம்

யுகேந்திரனுக்கு வாய் கொஞ்சம் நீளம். பாயான் லெப்பாஸ் சர்க்யூட் போர்டு பேக்டரியில் இருபது வருஷத்துக்கு மேல் சூப்பர்வைசராகக் கத்திக் கத்தியே வளர்ந்த வாய். புதிதாக வேலைக்கு வந்த பெண் யாராவது போர்டின் விளிம்பில், மெஷினுக்குள் செருகும் இடத்தில் மின்னும் தங்கப் பல்லை வெறுங்கையால் தொட்டுவிட்டால் போதும், "அது என்ன ஒங்க வீட்டு மோதிரமா? தொடாத!" என்று கூரை அதிரும். அந்த லைனையே மூடி அவனை வீட்டுக்கு அனுப்பியபோது, போன் போட்டு எப்படிடா இருக்கே என்று கேட்ட ஒரே ஆள் கமால்.

லிட்டில் இந்தியாவுக்குப் பின்னால் ஒரு சந்தில் கமாலுக்குக் கம்ப்யூட்டர் கடை. கல்யாண வீடியோ வெட்டி ஒட்டும் தொழிலில் யுகேந்திரனை இறக்கிவிட்டவனும் அவன்தான். "நம்ம பயதான், நான் பொறுப்பு" என்று சொல்லியே வேலை பிடித்துக் கொடுப்பான். இந்தத் தடவை ஒரு டாக்டர் வீட்டுக் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை விருந்தில் படம் ஓடியாக வேண்டும். பழையது தாங்காது என்று கமாலே ஒரு புது கிராஃபிக்ஸ் கார்டை எடுத்துக் கொடுத்தான்.

"டேய், நேரா கொண்டுபோயி மாட்டு. ரைஸ் குக்கருக்கே பொட்டு வைக்கிற வீடு உன்னுது. இதுக்குத் தேர் இழுத்துறாத லா."

"போடா, ஒனக்குப் பொறாம."

புதிதாக எது வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் யுகேந்திரனுக்குக் கை ஓடாது. மனைவி ஜெயந்தி கிண்ணத்தை நீட்டினாள். கார்டின் முதுகுத் தகட்டில் பொட்டு வைத்தான். விரலைக் கைலியில் பேருக்குத் துடைத்துக்கொண்டு, கார்டைப் பிடித்து அழுத்தி மாட்டினான்.

அன்றிலிருந்து கம்ப்யூட்டர் சவலைப் பிள்ளையாகிவிட்டது. தாலி கட்டும் இடத்தை ஓட்டினால் மாப்பிள்ளையின் கை பாதியில் நின்று, யோசித்து, அப்புறம் நகர்ந்தது. டிரைவரை அழித்து மறுபடி போட்டான். கேபிள் சரியான துளையில்தான் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். விண்டோஸையே புதிதாக ஏற்றினான். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் பழைய கார்டைத் திரும்ப மாட்டியதும் மெஷின் தன் பழைய நடைக்கு வந்துவிட்டது. அவனுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. புதுக் கார்டைப் பெட்டியில் எறிந்துவிட்டு மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தான்.

"மொதல்ல கமால் அண்ணனுக்கு ஒரு போன் போடுங்க," என்றாள் ஜெயந்தி.

"போன்ல அறைய முடியாது."

கடையில் நான்கைந்து பேர் நின்றார்கள். யுகேந்திரன் பெட்டியை மேசையில் அடித்தான்.

"எத்தன பேரு தேச்சுப் போட்டதுடா இது? பழசத் தொடச்சுப் புதுப் பெட்டியில வச்சு எனக்கே தள்றியா?"

"கத்தாத லா. குடு, பாக்கலாம்."

"என்னத்தப் பாக்கறது? உங்க ஆளுங்க யாவாரமே இதானடா!"

கடை அடங்கிப்போயிற்று. கமால் கார்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான். யுகேந்திரனும் அப்போதுதான் பார்த்தான். தங்கப் பல் வரிசையின் மேல், காய்ந்த சந்தனத்தில், ஒரு கட்டைவிரல் அச்சு. ரேகை கூடத் தெரிந்தது.

கமால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, கடை மெஷினில் மாட்டினான். திரையில் படம் தண்ணீராக ஓடியது. தேர் இழுத்தியாடா என்று கேட்பான், நாலு கெட்ட வார்த்தை சொல்வான் என்று யுகேந்திரன் காத்து நின்றான். சொல்லியிருந்தால் தேவலை. கமால் கார்டைப் பெட்டிக்குள் வைத்து இரண்டு கையாலும் நீட்டினான்.

"பல்லு பாதி மூடியிருந்திச்சு, அதான் மெதுவா போயிருக்கு. இந்தாங்க சார்."

"டேய் கமால், ஏதோ கோவத்துல..."

"அடுத்தது யாருங்க?"

ஞாயிற்றுக்கிழமை படம் ஓடியது. மாப்பிள்ளையின் கை எங்கும் நிற்கவில்லை. எல்லாரும் தட்டினார்கள். சாப்பிடும்போது டாக்டர், பக்கத்து மேசையிலிருந்த கமாலின் தோளைத் தொட்டு, "உங்க ஆளு பிரமாதமா செஞ்சிருக்காரு," என்றார்.

கமால் திரும்பிப் பார்த்தான்.

"கடைக்கு வர்ற கஸ்டமர் சார்," என்றான்.

யுகேந்திரன் பிரியாணித் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.