ஆர்விட் ஸ்லெட்டனின் கைக்கிளட்ச்

ஆர்விட் ஸ்லெட்டனின் இடதுகாலை முழங்காலுக்கு மேலே எடுத்தது 1997 நவம்பரில், சர்க்கரை நோயால். அவருக்கு அப்போது வயது எழுபத்தொன்று. அடுத்த மார்ச்சில், வடக்கு அயோவாவின் பனி கரையுமுன்பே, மனைவி லொரீனிடம் தம் முடிவைச் சொல்லிவிட்டார். ஊரார் பழைய டிராக்டர்களைக் கொண்டுவந்து ஆளுக்கொரு நிலப்பட்டை உழும் செப்டம்பர் நாளில், தாமும் ஒரு பட்டை உழப்போகிறார்.

“கிளட்ச எந்தக் கால்ல மிதிப்ப?” என்று கேட்டார் லொரீன், உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தாமலே.

“தோப்புல நிக்குதே, அதுக்குக் கால் வேணாம். கை போதும்.”

தோப்பில் நின்றது 1946ஆம் வருடத்து ஜான் டீர் டிராக்டர். மணமான வசந்தத்தில் இரண்டாம் கையாக வாங்கியது. இரண்டே சிலிண்டர், அதன் ‘டொப் டொப்’ ஒலி ஒரு மைலுக்கு அப்பால் கேட்டதும் லொரீன் அடுப்பில் சட்டியை ஏற்றிவிடுவாராம். 1979இல் ஓய்வு கொடுத்தபின் பச்சை நிறம் முழுவதையும் துரு தின்றிருந்தது. பின்சக்கரத்து ஆரங்களுக்கிடையே ஒரு மல்பெரி மரம் தொடைப் பருமனுக்கு வளர்ந்திருந்தது.

மரத்தை அறுக்க ஒரு நாள் ஆயிற்று. எஞ்சின் இறுகிக் கிடந்தது. சிலிண்டர்களில் டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி, தினமும் காலையில் கடப்பாரையால் எஞ்சினின் ஃப்ளைவீல் சக்கரத்தை நெம்பினார். பத்தொன்பதாம் நாள் அது ஒரு விரற்கடை நகர்ந்தது. மே மாதக் கடைசியில் எஞ்சின் புகை கக்கி ஓடியபோது அவர் இருக்கையில் ஏறி, கிளட்ச் கம்பியை முன்னே தள்ளி, மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டினார்.

அங்கேதான் தம் பிழை தெரிந்தது. கிளட்ச் கையில் இருந்தது. கலப்பையைத் தூக்கும் கயிறும் கையில் இருந்தது. ஆனால் கலப்பையோடு இடப்பக்கம் குறுகத் திரும்ப இடது சக்கரத்தின் பிரேக்கை இடதுகாலால் மிதிக்க வேண்டும். செயற்கைக்கால் பெடலைத் தேடித் தடவிக்கொண்டிருக்கையில் டிராக்டர் அகலமாய்ச் சுற்றி முள்வேலிக்குள் போய் நின்றது.

மறுநாள் வேலியைக் கட்ட வந்தவர் பக்கத்துப் பண்ணை மெர்ல் ஹவ்க்லண்ட். பள்ளித் தோழர், போட்டிக் கம்பெனியின் சிவப்பு டிராக்டர்க்காரர்.

“பச்சைய நம்பினா இப்டித்தான்டா. விடு, பாதில நின்னா மீதிய நான் உழுது தரேன்.”

“நீ உன் பட்டைய உழு.”

“பெயிண்டாவது அடியேன். பாக்கச் சகிக்கல.”

“நானுந்தான் பெயிண்ட் அடிச்சுக்கல. என்னோட பேசலையா நீ?”

மெர்ல் சொன்னதில் கேலி பாதி, வழக்கம் பாதி. ஒருவன் பட்டை பாதியில் நின்றால் பக்கத்தான் முடித்துக் கொடுப்பது அந்த ஊரின் மரியாதை. ஆர்விட்டுக்கு அந்த மரியாதை வேண்டாம்.

செப்டம்பர் பன்னிரண்டு, சனிக்கிழமை. ஓட்ஸ் அறுத்த தாள் வயல். எல்லாரும் பட்டையின் ஓரத்தில் கலப்பையை இறக்கினார்கள். மண்ணை வலப்பக்கமே புரட்டும் கலப்பையால் ஓரத்திலிருந்து உள்நோக்கி உழுதால் ஒவ்வொரு கோடியிலும் இடப்பக்கம் திரும்ப வேண்டும். ஆர்விட் பட்டையின் நட்டநடுவில் போய் நின்றார்.

“அங்க எங்கடா போற? பிடிச்சுப் போக ஒரு சால்கூட இல்லையே!” என்று கத்தினார் மெர்ல்.

“நடுவுல ஆரம்பிச்சா எல்லாத் திருப்பமும் வலப்பக்கந்தான். வலதுகால் என்கிட்ட இருக்கு.”

முதற்சால் கோணினால் பட்டை முழுவதும் கோணும். அவர் வயலின் மறுகோடியில் தெரிந்த ஒற்றை வேலிக்கம்பத்தின்மேல் கண்ணை வைத்து, கிளட்ச் கம்பியை முன்னே தள்ளினார். இடையில் கல் ஒன்று கொழுவைத் தட்டியது; ஸ்டீயரிங் உதறிற்று; கண் கம்பத்தை விட்டு நகரவில்லை. கோடியில் கயிற்றை இழுத்தார், கலப்பை எழுந்தது, வலதுகால் பிரேக்கை அழுத்தியது, துருப்பிடித்த அந்த உடல் முழுவதும் நின்ற இடத்திலேயே திரும்பிற்று.

மெர்ல் தம் பட்டையை முடித்து, எஞ்சினை அணைக்காமல் ஓரத்தில், லொரீன் நின்ற இடத்தருகே காத்திருந்தார். ஆர்விட்டின் எட்டாவது திருப்பத்துக்குப் பின் இறங்கிப் போய், முதற்சால் போன வாக்கில் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். திரும்பி வந்து சிவப்பு டிராக்டரை அணைத்தார்.

“இங்க எனக்கு வேலையில்ல லொரீன்,” என்றார். “காபி இருக்கா?”

பட்டையில் இன்னும் பதினாறு சால் மிச்சமிருந்தது.