இரண்டு மறுப்புகள்

நேற்று பேத்தி ஆங்கில இலக்கணப் புத்தகத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தாத்தா, டினை, ரெஃப்யூஸ் ரெண்டுக்குமே அகராதில 'மறு'ன்னுதான் போட்டிருக்கு. அப்புறம் எதுக்கு ரெண்டு வார்த்தை?" எனக்குக் கார்பன் தாள் வாசனை அடித்தது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அடித்தது.

மகாராஜா காலத்து மைசூரில், ஒரு சர்க்கார் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். விரலெல்லாம் கார்பன் நீலம். தலையெல்லாம் இலக்கணக் கர்வம். ஹெட் கிளார்க் எழுதித் தருவதில் பிழை இருந்தால் கேட்காமலே திருத்திவிடுவேன். ஒரு நாள் ஆஸ்பத்திரி நர்ஸ் செல்லம்மாளைப் பற்றிய விசாரணை அறிக்கையில், மருந்து விஷயமாக அவள் 'டினைட் டு கிவ்' என்று எழுதியிருந்தார். 'டினை'க்குப் பின்னால் 'டு' வராதே. 'ரெஃப்யூஸ்டு டு கிவ்' என்று மாற்றினேன். அன்று ஆபீஸ் காப்பிகூட ருசியாக இருந்தது.

பத்தே நாளில் செல்லம்மாள் வேலைநீக்க உத்தரவோடு என் மேஜை முன்னால் நின்றாள்.

"ஏதோ தப்பு மருந்து உள்ளே போய் ஒரு பேஷண்ட் மயங்கிட்டார், சார். நான் குடுக்கலைன்னு சொன்னேன். இதுல மருந்து குடுக்கவே மாட்டேன்னு சொன்னதா இருக்கே. நர்ஸ் அப்படிச் சொல்வாளா?"

அப்போதுதான் புரிந்தது. செய்ததாகச் சொல்வதை இல்லை என்பது டினை. அது 'டினைட் கிவிங்' என்று வரவேண்டும். செய்யச் சொன்னதை மாட்டேன் என்பது ரெஃப்யூஸ், 'டு' அதற்குத்தான். நான் இலக்கணத்தைச் சரிபண்ணி அவள் பிழைப்பைக் கெடுத்திருந்தேன்.

செக்ரட்டரியிடம் சொல்ல எழுந்தேன். ஹெட் கிளார்க் என் கையைப் பிடித்தார். "சும்னிரப்பா, பேசாம இரு. உன் வேலையும் போயிடும்."

போகட்டும் என்று, அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்ட செக்ரட்டரியின் அறைக்குள் நுழைந்தேன். இரண்டு வார்த்தைக்கும் வித்தியாசத்தைச் சொல்லி முடித்தேன்.

"இங்கிலீஷ் சொல்லிக்குடுக்க வந்தியா, மன்னிப்புக் கேக்க வந்தியா?"

"ரெண்டுக்கும்தான், சார்."

ஃபைலை வரவழைத்துக் கடைசித் தாள்வரை படித்தார். மயங்கியவர் தெளிந்தபின் எழுதிக்கொடுத்த கடிதமும் அதிலேயே இருந்தது: மருந்தை வெளியிலிருந்து வாங்கிவந்து கொடுத்தது அவருடைய மச்சான். செக்ரட்டரி உத்தரவின் குறுக்கே கோடு கிழித்தார். எனக்கு வசவோடு போயிற்று.

மறுநாள் காலை ஆபீசுக்குத் தாமதமானாலும் சரியென்று ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில் செல்லம்மாள் வார்டுக்குள் நடந்தாள். இரண்டு பக்கக் கட்டில்களிலும் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். முடியாதவர்கள் கையைத் தூக்கினார்கள். அவள் யாரையும் பார்க்காததுபோல் நேராக நடந்தாள். முகம் மட்டும் பூரித்திருந்தது.

அந்த நீள வார்டு இப்போது இல்லை. தடுத்துத் தடுத்து அறைகளாக்கிவிட்டார்கள். ஒருத்தி ஜெயித்துத் திரும்பி வந்தால் முப்பது பேர் ஒன்றாகப் பார்க்க அங்கே வழியில்லை.