ஈட்டிக்காரர் விழ மறுத்த திருவிழா

சாங்ஜோவ் ஊரில் கழுதைக்கறி ரொட்டி விற்கும் ஷான் தெகுயிடம் ரொட்டி வாங்குவது சுலபம். ஈட்டிப் பிரசங்கம் கேட்காமல் வாங்குவதுதான் நடக்காத காரியம்.

"நேர்வாள் பார்க்க அழகு. இடுப்புல கட்டிக்கிட்டு அதிகாரி மாதிரி நடக்கலாம், அவ்வளவுதான். கம்பு சாமியாருங்களுக்கு. பட்டாக்கத்தி இருக்கே, அது முரட்டுப்பய சமாச்சாரம். வெட்டணும்னா கிட்ட போகணும். ஈட்டிக்காரன் கிட்டவே விடமாட்டான்" என்பார். சொல்லிக்கொண்டே வெட்டுக்கத்தியால் கறியைக் கொத்துவார். கத்தியால் பிழைக்கிற மனுஷன் கத்தியை இப்படி ஏசலாமா என்று யாராவது கேட்டால், அன்றைக்கு அவர் ரொட்டியில் கறி குறையும்.

இவ்வளவு வாய் பேசுகிறவர் வருஷாவருஷம் கோயில் திருவிழாவில் ஊரே பார்க்கத் தோற்பார். ஈட்டிக்கும் பட்டாக்கத்திக்கும் ஜோடியாட்டம் என்று ஒன்று உண்டு. அடியும் தடுப்பும் முன்னோர் வகுத்தபடிதான். கடைசியில் கத்தி ஈட்டியைத் தாண்டி உள்ளே புகும்; ஈட்டிக்காரன் மல்லாந்து விழ வேண்டும். விழுகிறவர் ஷான். கத்தி பிடிப்பவள் தையற்கடை ஃபெங்சியா. புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆயிற்று. ஷானும் ஒண்டிக்கட்டை. அவள் என்றால் மனுஷனுக்கு உயிர்.

இந்த வருஷம் திருவிழாவுக்கு முதல்நாள் ஒத்திகை முடிந்ததும் எப்படியோ கேட்டுவிட்டார். "ரெண்டு பேரும் தனித்தனியா அடுப்பு எரிக்கணுமா? எங்கிட்ட வந்துடேன்."

"நாளைக்கு ஆட்டம் முடியட்டும், சொல்றேன்" என்றாள் அவள்.

இதை மோப்பம் பிடித்துவிட்டான் பாங். தொழில் முடிதிருத்துவது, திருவிழாவில் மேளம் அடிப்பது, மற்ற நேரத்தில் கொளுத்திப் போடுவது. "வருஷாவருஷம் அவ காலடியில விழுந்து கிடக்கிறவனை எவ கட்டிக்குவா? ஒரு தடவையாவது நிமிர்ந்து நில்லுய்யா" என்றான். ஷானுக்கு அது நியாயமாகவே பட்டது. புத்தி போன போக்கைப் பாருங்கள்.

மறுநாள் ஆட்டம் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. ஈட்டியை உயர்த்தி வழிவிட வேண்டிய இடம். ஷான் உயர்த்தவில்லை. முனை அவள் நெஞ்சுக்கு நேரே நின்றது. அவள் இடப்பக்கம் நகர்ந்தாள், முனையும் நகர்ந்தது. வலப்பக்கம் பாய்ந்தாள், அங்கேயும் முனை. கடையில் அவர் அளந்தது பொய்யில்லை, ஈட்டி நிஜமாகவே கிட்ட விடவில்லை. ஆட்டம் முடியாததால் மேளத்தையும் நிறுத்த முடியாமல் பாங்குக்குக் கை விட்டுப்போயிற்று. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

ஃபெங்சியா கத்தியைத் தாழ்த்தினாள். முகம் சிவந்திருந்தது.

"நேத்து கிட்ட வான்னு கெஞ்சின. இன்னிக்கு நானே வர்றேன், ஈட்டியை நீட்டித் தள்ளி நிறுத்துற. உனக்கு என்னதான்யா வேணும்?"

இவள் இப்படியே திரும்பிப் போனால் எல்லாம் போச்சு என்று ஷானுக்கு அப்போதுதான் உறைத்தது. ஈட்டியை வீசி எறிந்துவிட்டு, கத்தி கிட்டே வருமுன்பே தடாலென்று மல்லாந்து விழுந்தார்.

அவள் நிதானமாக நடந்து வந்து, வகுத்தபடி கத்தியை அவர் கழுத்தில் வைத்தாள். மேளம் ஓய்ந்தது.

"ஆட்டம் முடிஞ்சிடுச்சு" என்றார் ஷான், படுத்தபடியே. "பதில் சொல்றேன்னியே."

"வர்றேன். அந்த ஈட்டி மட்டும் வீட்டுக்குள்ள வரக்கூடாது."

ஷான் ஈட்டிக்காக ஒரு வார்த்தைகூடப் பரிந்து பேசவில்லை.